கூடிய மண்ணுக்கும் காவல் வேண்டும்

புனே நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஜெஜுரி. குன்றின் மேல் கண்டோபா கோயில். பௌஷ மாதப் பௌர்ணமியில், அதாவது பல ஆண்டுகளில் நம் தைப்பூசத்தன்றே, இந்த ஊரில் ஒரு கழுதைச் சந்தை கூடுகிறது. வைது, பேல்தார், கைகாடி, ஒட்டர், குயவர், வண்ணார் என்று கழுதையை நம்பிப் பிழைத்த சமூகத்தார் மகாராஷ்டிரத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்து சேர்கிறார்கள். குஜராத்தின் கத்தியவார் பகுதியிலிருந்து வரும் கழுதைகளுக்குத் தனி மதிப்பு. வாயைத் திறந்து, பல்லைப் பார்த்து, வயதைக் கணித்து விலை பேசுகிறார்கள். மண்ணும் கல்லும் சுமக்க இயந்திரங்கள் வந்த பிறகு சந்தை சுருங்கிக்கொண்டே வருகிறது. பத்திரிகைகள் ஒரு வேடிக்கைப் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றன.

அந்தச் சந்தையை வெறும் வேடிக்கையாகப் பார்ப்பது பெரிய இழப்பு. நாடோடிச் சமூகங்களுக்கு நிலையான ஊர் கிடையாது. ஊர் இல்லாதவர்களுக்குச் சாவடியும் கிடையாது. ஆண்டு முழுதும் திசைக்கொன்றாகச் சிதறிக் கிடந்தவர்கள் ஒரே இடத்தில் சந்திக்கும் வாய்ப்பு இத்தகைய திருவிழாக்களில்தான் கிடைத்தது. கழுதை விற்ற அதே திடலில் பெண் பார்த்தார்கள், கடன் தீர்த்தார்கள், இறந்தவர்களின் செய்தியைச் சொல்லிக்கொண்டார்கள், ஜாதிப் பஞ்சாயத்தைக் கூட்டி வழக்குத் தீர்த்தார்கள். கைகாடி மக்களின் பேச்சு தமிழோடு உறவுடைய திராவிட மொழி என்பதைத் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். லட்சுமண் மானே 1980-இல் வெளியிட்ட ‘உபரா’ என்ற தன்வரலாறு, கழுதை முதுகில் வீட்டைச் சுமந்து அலைந்த அந்தச் சமூகத்தின் வாழ்க்கையை மராத்தி வாசகர்களின் முன்வைத்தது. மறு ஆண்டே சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் இத்தகைய பல சமூகங்களின் அலைதலையே குற்றமாக்கியிருந்தது. காவல் நிலையத்தில் கைநாட்டு வைத்துவிட்டு நகர வேண்டியிருந்த மக்களுக்கு, சாமி பெயரால் கூடும் திடல் எவ்வளவு பெரிய ஆதாரமாக இருந்திருக்கும்!

இத்தகைய இடங்களைத் தொல்லியல் சின்னங்களுக்கு நிகராக மதித்துக் காக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை முன்வைக்கும் கோரிக்கை.

டெயில்டினில் நடந்தது

இந்தக் கோரிக்கைக்கு உலகில் முன்னுதாரணம் உண்டு. அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில் டெயில்டின் என்றோர் இடம். ஆகஸ்ட் தொடக்கத்தில், அறுவடை தொடங்கும் வேளையில், அங்கே ஆண்டுதோறும் பெருங்கூட்டம் கூடியது. டாரா குன்றின் அரசன் தலைமை தாங்குவான். குதிரைப் பந்தயம், வியாபாரம், இசை, கல்யாணப் பேச்சு எல்லாம் ஒரே வெளியில் நடந்தன. கூட்டத்தின் அமைதியைக் குலைப்பது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது.

ஏன் அங்கே கூடினார்கள் என்பதற்கு ஒரு புராணம் இருக்கிறது. டெயில்டியூ என்ற பெண் அடர்ந்த காட்டைத் தனியொருத்தியாக வெட்டிச் சமவெளியாக்கினாள். அந்த உழைப்பிலேயே சோர்ந்து உயிரை விட்டாள். அவளுடைய வளர்ப்பு மகனான லூ என்ற தெய்வம் அவள் நினைவாகத் தொடங்கியதுதான் அந்தக் கூட்டம். கார்மன் என்ற இன்னொரு கூடலுக்கும், சிறையில் துயரத்தால் மாண்ட ஒரு பெண்ணின் கல்லறைதான் மூலக்கதை. 12-ஆம் நூற்றாண்டின் லென்ஸ்டர் சுவடி கார்மனில் கூடிய மூன்று சந்தைகளைக் குறிப்பிடுகிறது: உணவுக்கு ஒன்று, கால்நடைக்கு ஒன்று, பொன்னும் துணியும் கொண்டுவந்த அயல்நாட்டு வணிகர்களுக்கு ஒன்று.

புராணத்தோடு நின்றுவிடவில்லை, எழுத்துப்பூர்வமான வரலாறும் உண்டு. 717-ஆம் ஆண்டில் டெயில்டின் கூட்டத்தில் கலவரம் நடந்ததையும் அதில் மாண்டவர்களையும் அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு பதிவு செய்திருக்கிறது. அதைவிட முக்கியமானது 873-ஆம் ஆண்டின் குறிப்பு. தக்க காரணம் இல்லாமலே அந்த ஆண்டு கூட்டம் நடக்கவில்லை என்றும், முன்பு இப்படி நடந்து கேள்விப்பட்டதில்லை என்றும் அதை எழுதிய துறவி வருந்தியிருக்கிறார். கூட்டம் நடக்காமல் போனதே நாட்டின் பெரிய செய்தியாகியிருக்கிறது. ஜெஜுரியில் ஓராண்டு கழுதைச் சந்தை கூடாமல் போனால் அதை எழுதிவைக்க எந்த ஆண்டுக்குறிப்பு இருக்கிறது?

ஐந்து மனைவியர், ஐந்து சமூகங்கள்

ஜெஜுரியின் புராணத்தையும் இதே கண்ணோடு படிக்கலாம். மணி, மல்லன் என்ற இரண்டு அசுரர்களை அழிக்கச் சிவன் எடுத்த வடிவம் கண்டோபா. அவருடைய மூத்த மனைவி மாளசா, லிங்காயத்து வணிகர் குலத்தவள். இரண்டாம் மனைவி பாணாயி, ஆடு மேய்க்கும் தன்கர் குலத்தவள். முருகனின் இருபுறமும் தெய்வயானையையும் வள்ளியையும் பார்த்துப் பழகிய தமிழர்களுக்கு இது உடனே விளங்கும். மாளசாவுக்கு இடம் குன்றின் உச்சியில், கணவனருகே. பாணாயிக்கு மலைப்படிகளின் பாதி வழியில். நாட்டுப் பாடல்கள் இன்னும் மூவரைச் சேர்க்கின்றன: தையற்காரர் குலத்து ரம்பாயி, தோட்டக்காரர் குலத்து பூலாயி, எண்ணெய் ஆட்டும் குலத்து சந்தாயி. இந்தச் சந்தாயியை முஸ்லிம்கள் தங்களவள் என்று உரிமை கொண்டாடுவதுண்டு.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் அது ஒரு கூட்டத்தின் வருகைப் பதிவேடு. வணிகர், மேய்ப்பர், தையற்காரர், தோட்டக்காரர், எண்ணெய் வணிகர் என்று சந்தைக்கு வந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் தெய்வத்தின் வீட்டில் ஒரு பெண் கொடுத்த உறவு. சம்பந்தி வீட்டுக்கு வர யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அயர்லாந்தின் கூடல்களை ஒரு பெண்ணின் மரணம் தோற்றுவித்தது. ஜெஜுரியின் கூடலைக் கல்யாணங்கள் கட்டி நிறுத்தின. இரண்டிலும் புராணம் செய்த வேலை ஒன்றுதான்: பகையுள்ளவர்களும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு வரக்கூடிய ஒரு பொது மண்ணை உண்டாக்கித் தந்தது.

கண்டோபா வழிபாட்டைப் பொறுமையாக ஆராய்ந்தவர் ஒரு ஜெர்மானியர். 1992-இல் மறைந்த குந்தர் சொந்தைமர், இந்துக் கூட்டுக் குடும்பச் சட்டத்தைப் பற்றியும் நூல் எழுதியவர். தன்கர் மேய்ப்பர்களோடு நடந்து அவர்களுடைய கதைகளைச் சேகரித்தார். அமாவாசை திங்கட்கிழமையில் வரும்போது ஜெஜுரியின் பல்லக்கு கர்ஹா ஆற்றுக்கு இறங்குகிறது. அந்தச் சோமவதி யாத்திரையை ஓர் அரசனின் வேட்டைப் பயணமாகக் கண்டு அவர் படமாக்கியும் வைத்தார்.

கலப்பை வைத்த கையெழுத்து

தெய்வத்தின் பெயரால் கூடியவர்கள் வழக்கையும் அங்கேயே பேசினார்கள் என்பதற்குப் புனேயில் ஏராளமான காகிதச் சான்று இருக்கிறது. மராட்டியர் காலத்தில் நிலத் தகராறையும் வதன் என்ற பரம்பரை உரிமைத் தகராறையும் கோத்சபை விசாரித்தது. ஊர்த்தலைவரான பாட்டீல், கணக்கரான குல்கர்ணி, தச்சர், குயவர், மகார், பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் அதில் உட்கார்ந்தார்கள். தீர்ப்பு, மஹஜர் என்ற ஆவணமாக, மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் எழுதப்பட்டது. எழுதத் தெரியாதவர் தன் தொழிற்கருவியை அடையாளமாக இட்டார். உழவர் இட்டது கலப்பை, வணிகர் இட்டது தராசு. மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்திய ஒரு காகிதத்தின் அடியில் வரிசையாக நிற்கும் இந்தச் சின்னங்கள், யார் யார் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதை இன்றும் காட்டுகின்றன.

கூடிய இடமும் பொறுக்கி எடுத்த இடம்தான். கோயில் முற்றம், ஆற்றங்கரை, ஆறுகள் கூடும் துறை. சாட்சி போதாதபோது தெய்வத்தின் முன்னிலையில் சோதனை நடக்கும். கொதிக்கும் எண்ணெயிலிருந்து உலோகத் துண்டை எடுக்க வேண்டும், கையைக் கட்டி முத்திரையிட்டுச் சில நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். இந்த முறைகளையெல்லாம் தொகுத்து வி. த. குணே எழுதிய ஆய்வை 1953-இல் புனேயின் டெக்கான் கல்லூரி வெளியிட்டது. 1910-இல் வரலாற்றாய்வாளர் ராஜ்வாடே தொடங்கிய பாரத் இதிஹாச சம்ஷோதக் மண்டலிலும், பேஷ்வா தஃப்தர் ஆவணக் காப்பகத்திலும் அந்தக் காலத்துக் காகிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. பேஷ்வா தஃப்தரிலிருந்து வரலாற்றாய்வாளர் சர்தேசாய் தேர்ந்தெடுத்துப் பதிப்பித்தவை மட்டுமே 45 தொகுதிகள்.

காகிதத்தைக் காத்துவிட்டார்கள். அந்தக் காகிதம் எழுதப்பட்ட மண் எங்கே என்று யாரும் வரைபடத்தில் குறித்துவைக்கவில்லை.

தாளம் ஓயாத திண்டி

இந்தக் கூடும் மரபு செத்துப்போகவில்லை என்பதை ஆஷாட மாதத்தில் புனே மாவட்டச் சாலைகளில் பார்க்கலாம். ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும், தேஹுவிலிருந்து துக்காராம் பல்லக்கும் பண்டரிபுரத்துக்குப் புறப்படுகின்றன. ஞானேஸ்வரர் பல்லக்கு ஜெஜுரியிலும் ஓரிரவு தங்குகிறது. சிவத்தலத்தார் பண்டரிபுரத்து விட்டலனின் அடியார்களை மஞ்சள்பொடி தூவி வரவேற்கிறார்கள். துக்காராம் பல்லக்கின் வழியில் பேல்வாடி என்ற ஊரின் திறந்த வெளியில் ரிங்கண் நடக்கிறது. லட்சக்கணக்கான கால்கள் விலகி வட்டம் விட, ஆள் ஏறாத குதிரை ஒன்று சுற்றி ஓடும். துக்காராமே அதில் வருகிறார் என்பது நம்பிக்கை.

அதைவிடக் கவனிக்க வேண்டியது ஞானேஸ்வரர் பல்லக்கு தங்குமிடத்தில் மாலைதோறும் நடக்கும் சமாஜ ஆரத்தி. திண்டிகள் என்ற குழுக்களெல்லாம் பல்லக்கைச் சூழ்ந்து நின்று தாளம் தட்டிப் பாடிக்கொண்டிருக்கும். சோப்தார் என்ற தடியேந்துபவர் கைத்தடியை உயர்த்தியதும் அத்தனை கூட்டமும் சட்டென்று அடங்கிவிடும். ஏதாவது ஒரு திண்டிக்கு மனக்குறை இருந்தால் அது மட்டும் தாளத்தை நிறுத்தாது. சோப்தார் அங்கே போய் என்னவென்று கேட்பார். குறை தீர்ந்த பிறகுதான் அந்தத் தாளம் ஓயும், ஆரத்தி தொடங்கும். தொலைந்த பொருள், கிடைத்த பொருள், மறுநாள் புறப்படும் நேரம் எல்லாம் அதே இடத்தில் அறிவிக்கப்படும். ஒரு சிறு குழு தன் குறையைச் சொல்லி முடிக்கும் வரை பெருங்கூட்டம் காத்து நிற்கிறது. ஜனநாயகம் பற்றிப் பேசும் எவரும் ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டிய நடைமுறை இது. இதற்குத் தேவைப்படுவது ஒன்றுதான்: அத்தனை பேரும் நிற்க ஒரு பரந்த வெளி.

கொடுமையையும் மறைக்கலாகாது

கூடும் இடங்களைப் போற்றினால் ஜாதிப் பஞ்சாயத்தையும் போற்றியதாகிவிடாதா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. நாடோடிச் சமூகங்களின் பஞ்சாயத்துகள் கடன் தீர்த்துவைத்தது உண்மை. அவை பெண்களைச் சோதனை என்ற பெயரில் வதைத்ததும், ஜாதி மீறி மணந்தவர்களை ஒதுக்கிவைத்ததும் அதே அளவு உண்மை. கண்டோபாவுக்கு முரளிகளாகச் சிறுமிகளை நேர்ந்துவிட்ட வழக்கத்தைச் சட்டம் போட்டுத்தான் தடுக்க வேண்டியிருந்தது. மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தின் நரேந்திர தாபோல்கர் தம் இறுதி மாதங்களில் ஜாதிப் பஞ்சாயத்துகளுக்கு எதிராகப் போராடினார். 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தோழர்கள் தொடர்ந்து நடத்திய போராட்டத்தின் பலனாக, சமூகப் புறக்கணிப்பைத் தடுக்கும் சட்டத்தை மகாராஷ்டிர சட்டமன்றம் 2016-இல் நிறைவேற்றியது. நாட்டிலேயே இத்தகைய முதல் சட்டம் அது. மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆகவே திடலைக் காப்பது வேறு, பஞ்சாயத்தின் அதிகாரத்தைக் காப்பது வேறு. தண்டிக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் கீழ் நீதிமன்றங்களுக்கு மட்டுமே உரியது. அதில் தயக்கமே கூடாது. ஆனால் கொடுமை நடந்தது என்பதற்காக இடத்தின் நினைவையே அழித்துவிட்டால், அந்தக் கொடுமைக்கு ஆளானவர்களின் வரலாறும் சேர்ந்தே அழிந்துபோகும்.

எழுதியவர்களின் சபை மட்டுமா வரலாறு?

உத்திரமேரூரைப் பற்றிப் பெருமைப்படாத தமிழர் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. அவற்றைத் தாங்கிய மண்டபம் இன்றும் நிற்கிறது. பள்ளிப் பாடத்திலும் இருக்கிறது. அந்தச் சபையில் இடம்பெறக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும் என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. நிலம் இருந்தவர்களுக்குக் கல் இருந்தது, எழுத்து இருந்தது, மண்டபம் இருந்தது. கழுதையோடு அலைந்தவர்களிடம் இவற்றில் எதுவும் இல்லை. அவர்கள் கூடிக் கலைந்த திடலில் அடுப்புக் கரியைத் தவிர எதுவும் மிஞ்சியிருக்காது.

1958-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டத்துக்குக் கட்டடம் தெரியும், குகை தெரியும், கல்வெட்டு தெரியும், இடிபாடோ எச்சமோ புதைந்த நிலம் தெரியும். வெறுமனே மக்கள் கூடிய வெளி அதன் கண்ணில் படாது. உலகம் இதைத் தாண்டி வந்துவிட்டது. ஐஸ்லாந்தில் 930-இல் தொடங்கி நூற்றாண்டுகளாக நாட்டு மன்றம் கூடிய திங்வெல்லிர் என்ற திறந்தவெளியில் பெரிய கட்டடம் ஏதுமில்லை. கல்லாலும் மண்ணாலும் அமைத்த சாவடிகளின் எச்சங்கள்தான் உண்டு. 2004-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

அயர்லாந்தின் அனுபவம் இரண்டு பக்கத்தையும் கற்றுத் தருகிறது. 1843 ஆகஸ்டில் டேனியல் ஓகானல் பெருங்கூட்டத்தைக் கூட்ட டாரா குன்றைத் தேர்ந்தெடுத்தார். பழைய மன்னர்களின் மண் என்பதால்தான் அந்த இடம் ஒரு தேசியக் கோரிக்கைக்கு வலு சேர்த்தது. 1899 முதல் 1902 வரை அதே குன்றை ஒரு கூட்டத்தார் பைபிளில் வரும் உடன்படிக்கைப் பேழையைத் தேடித் தோண்டிக் குதறினார்கள். கவிஞர் யேட்ஸ் உள்ளிட்டோர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். வட அயர்லாந்தின் பழைய அரசிருக்கையான நாவன் குன்றைக் கல்குவாரி விழுங்கவிருந்தபோது, 1985-இல் நடந்த பொது விசாரணை அதன் விரிவாக்கத்தைத் தடுத்தது. ஆனால் 2010-இல் திறக்கப்பட்ட எம்3 நெடுஞ்சாலை டாராவின் பள்ளத்தாக்கு வழியாகவே போனது. வழியில் 2007-இல் கண்டறிந்த லிஸ்முல்லின் என்ற பழங்கால மர வட்டத்தைத் தோண்டிப் பதிவு செய்ததோடு சரி. டெயில்டினில் எஞ்சியிருந்த ஒரு மண்மேட்டின் பகுதி 1997-இல் புல்டோசருக்குப் பலியானது. ஆயிரம் ஆண்டு எழுத்துச் சான்று உள்ள இடங்களுக்கே இந்த நிலை.

புனே மாவட்டத்தில் நிலத்துக்கு இருக்கும் பசி அதைவிடப் பெரிது. பல்லக்குப் பாதைகள் தேசிய நெடுஞ்சாலைகளாக அகலமாகின்றன. ஜெஜுரி அடங்கிய புரந்தர் வட்டத்தில் ஏழு கிராமங்களின் நிலத்தில் விமான நிலையம் திட்டமிடப்பட்டு, உழவர்கள் எதிர்த்துவருகிறார்கள். தொழிற்பேட்டையும் வீட்டுமனைகளும் குன்றுகளின் அடிவரை வந்துவிட்டன. சாலையும் வேண்டும், வேலையும் வேண்டும். ஆனால் எந்தத் திடலில் எந்த மக்கள் கூடினார்கள் என்ற பட்டியலே இல்லாதபோது, இழப்பதைத் தெரிந்து இழக்கக்கூட வழியில்லை.

செய்ய வேண்டியவை

முதல் வேலை அந்தப் பட்டியல்தான். யாத்திரைத் திடல், பல்லக்குத் தங்குமிடம், ரிங்கண் வெளி, ஆற்றுத்துறை, மேய்ச்சலுக்கு விட்ட கைரான் நிலத்தில் சந்தை கூடும் பகுதி ஆகியவற்றை மாவட்ட நிர்வாகம் அளந்து, நில ஆவணத்திலேயே அவற்றின் பயன்பாட்டைக் குறிக்க வேண்டும். கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. அதிகாரம் தேடி அலைய வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள எந்த வெளியையும் எடுக்கும் முன் அதைப் பயன்படுத்தும் சமூகங்களை அழைத்து விசாரிக்க வேண்டும். நாடோடிகளுக்கு அந்த ஊரில் வாக்கு இல்லை, பட்டா இல்லை என்பது அவர்களை விலக்கக் காரணமாகக் கூடாது.

இரண்டாவது, மஹஜர்களில் வரும் இடப்பெயர்களை வரைபடத்தில் ஏற்றுவது. மோடி எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்களும் ஆவணங்களும் தொல்லியல் மாணவர்களும் ஒரே நகரில் இருக்கும் வசதி புனேக்குப் போல வேறு எந்த ஊருக்கும் எளிதில் வாய்க்காது. தமிழ்நாட்டுக்கும் இதில் வேலை உண்டு. நம் ஊர்களின் மந்தைவெளிகளையும் ஆலமரத்தடிகளையும் மாட்டுத்தாவணிகளையும் யாரும் இதுவரை இந்தக் கண்ணோடு முழுமையாகக் கணக்கெடுக்கவில்லை.

மூன்றாவது வேலைக்குத்தான் அவசரம் அதிகம். ஜெஜுரியின் திடலில் தராதரம் பார்த்துக் கழுதை வாங்கியவர்களும், அங்கே கூடிய பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொன்னவர்களும் இன்று முதியவர்கள். அவர்கள் சொல்வதை அவர்களுடைய மொழியிலேயே, கைகாடியிலும் வைதுவிலும், பதிவு செய்ய வேண்டும். தீர்ப்புச் சொன்ன ஆண்களிடம் மட்டும் ஒலிவாங்கியை நீட்டினால் போதாது. அந்தத் தீர்ப்பால் ஒதுக்கப்பட்ட பெண்களையும் ஜாதி மீறி மணந்தவர்களையும் தேடிப் போய், அவர்கள் அந்தத் திடலை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் அதே பதிவேட்டில் சேர்க்க வேண்டும்.